ஏரிக்குள் நின்ற வண்டி

ஏரிக்கு நடுவில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. மீன் ஏற்றுகிற சின்ன லாரி, குட்டி யானை என்பார்களே, அது. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது, என் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் மட்டும்தான் தெரியும். திரையில் நீலமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியில், பசியாவரம் தீவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பச்சைப் புள்ளி. வண்டியின் சொந்தக்காரி தினமும் மத்தியானம் மீன் விற்று முடித்து, வெறுங்கூடையோடு என் கடைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"பாப்பா, நம்ம வண்டி எங்க கீது?"

"அங்கயேதான்க்கா."

"நல்லா நிக்குதா?"

"நிக்குதுக்கா."

ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்ப்பாள். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நான் அப்போது பஜாரில், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். என் அத்தா அந்த இடத்தில் கயிறும் நங்கூரமும் விற்றவர். நான் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன், ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போட்டேன். கடை வாசலில் உட்கார்ந்தால் எதிர் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு. ஆடுகளுக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை, அவை பாட்டுக்கு உள்ளே மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குப்பத்துக்காரி. அவளுக்கு ஒரு பேர் உண்டு, எத்தனையோ மனுவில் நானே அதை அடித்திருக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மைக்செட் என்பார்கள். அவளிடம் ஒன்றைச் சொல்வதும் பஜாரில் தண்டோரா போடுவதும் ஒன்று. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது. அவளுக்கு மறைக்க வராது.

மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அவள் கூடைக்கு முன்னால் நின்று, "ஃப்ரெஷ்ஷா இருக்கா?" என்று கேட்பார்கள். மீன்காரி அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். இவள், "நேத்து மீனு சார். ஐஸ்ல வெச்சது. கொழம்புக்கு ஆவும், வறுத்தா நல்லா இருக்காது. நாளைக்குக் காலைல வா, ஷோக்கா தரேன்" என்பாள். பக்கத்துக் கூடைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். அவளிடம் இருப்பதும் நேற்று மீன்தானே.

குப்பத்தில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், வழியில் இவளிடம் பெண் எப்படி என்று விசாரித்துவிட்டார்கள். "தங்கமான பொண்ணு. கோவம் வந்தா மட்டும் பாத்திரம் பறக்கும். ஒரு அஞ்சு நிமிசம் தள்ளி நின்னுக்கினா போதும்" என்றிருக்கிறாள். பெண் வீட்டார் இவளைக் கொலை செய்கிற கோபத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ சிரித்துவிட்டு, இவ்வளவு பச்சையாகச் சொல்கிற ஊரில் தைரியமாகப் பெண் எடுக்கலாம் என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். சீர்வரிசையில் எவர்சில்வர் பாத்திரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்ததாகக் கேள்வி.

கூடை சுமந்து சுமந்து அவள் கழுத்து எலும்பு தேய்ந்து போயிருந்தது. இனித் தலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சேதியையும் ஊருக்கே சொன்னாள். சொல்லிவிட்டு, குப்பத்துப் பெண்களிலேயே முதல் ஆளாகத் தவணையில் குட்டி யானை ஒன்று எடுத்தாள், ஓட்டவும் கற்றுக்கொண்டாள். மற்ற மீன்காரிகள் பின்னால் கூடைகளோடு ஏறிக்கொள்வார்கள். பேப்பர் கட்டு வாங்கப் பொன்னேரிக்குப் போகிற நாட்களில் எனக்கு முன் சீட்டு.

விடிகிற நேரத்தில் அந்த வண்டியில் போனதை என்னால் மறக்க முடியவில்லை. பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர். வானம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மஞ்சு படிந்திருக்கும். பூநாரைகள் தண்ணீரில் நிற்கின்றனவா, மஞ்சில் நிற்கின்றனவா என்று கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் பெண்களின் பேச்சு ஓய்ந்து எல்லோரும் தூங்கி வழிவார்கள். அக்காகூட அந்தக் கொஞ்ச தூரம் வாயைத் திறக்க மாட்டாள். வண்டி உருள்கிறதா மிதக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும், மிதக்கிறது என்றே வைத்துக்கொள்வேன்.

இனி சாவி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

முகத்துவாரத்துப் பக்கம் போட்கள் கரையேறுகிற இடத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. மீன் வண்டி, ஐஸ் வண்டி எல்லாம் அங்கேதான் இறங்கி நிற்கும். காற்று மாறினால் கடல் தண்ணீர் சத்தம் போடாமல் ஏறி வந்து திட்டை மூடிவிடும். எப்போதோ ஒருவர் வண்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். தண்ணீர் ஏறியது. ஊரே சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை, உப்புத் தண்ணீர் குடித்து அங்கேயே செத்தது. அன்றைக்குப் பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். திட்டில் நிற்கிற எந்த வண்டியிலும் சாவி வண்டியிலேயே தொங்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது கரையில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், யார் வண்டியாக இருந்தாலும் எடுத்து மேட்டில் நிறுத்த வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு போனால் அபராதம். உலகத்தில் சாவியைப் பத்திரமாக வைத்ததற்கு அபராதம் போடுகிற ஊர் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அக்காவின் வண்டிக்குக் கடன் கொடுத்தவர்கள், திருட்டுப் பயத்துக்குக் கருவிகள் மாட்டினால்தான் ஆச்சு என்றார்கள். பொன்னேரியில் மாட்டிக்கொண்டு வந்தாள். தொட்டால் ஊளையிடுகிற அலாரம். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஜிபிஎஸ் டப்பா. மூன்றாவது, சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த ரகசிய பட்டன். அதை அமுக்கினால்தான் சாவி போட்டாலும் வண்டி கிளம்பும். மாட்டிக் கொடுத்தவர், "இந்த பட்டன் எங்க இருக்குன்னு பெத்த புள்ளைக்குக்கூட சொல்லாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாராம்.

யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை, பாவம்.

பாலம் தாண்டுவதற்குள் அந்த பட்டன் இருக்கிற இடம் பாதிக் குப்பத்துக்குத் தெரிந்துவிட்டது. "தெரியாம வெச்சா தண்ணி ஏறும்போது யாரு எடுக்கறது?" என்றாள். அதுவும் நியாயம்தான். மீதிப் பாதிப் பேருக்கும் தெரியட்டும் என்று, சீட்டுக்குக் கீழே நகப் பாலிஷால் சிவப்பாக ஒரு அம்புக்குறி போட்டு வைத்தாள். அலாரமோ காக்கை உட்கார்ந்தாலே கத்தியது. கொஞ்ச நாளில் குப்பத்துக்காரர்களுக்கு அது அலைச் சத்தத்தோடு சேர்ந்துபோய்விட்டது.

வண்டி திருடு போனது பட்டப்பகலில். கங்கையம்மன் ஜாத்திரை சமயம், கரையில் ஏகப்பட்ட கூட்டம். தெரியாத ஆள் ஒருவன் வந்து வண்டியில் ஏறியிருக்கிறான். அலாரம் கத்தியது, யாரும் திரும்பவில்லை. வண்டி கிளம்பவில்லை என்று அவன் திணறியபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "சீட்டுக்குக் கீழ பாரு நைனா, செவப்பா அம்பு போட்டிருக்கும்" என்று வழி சொன்னார். சக்கரம் மணலில் புதைந்தபோது நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தள்ளிவிட்டார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து யாரோ நல்ல மனசுக்காரன் வண்டியை மேட்டுக்குக் கொண்டு போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் கையை ஆட்டிவிட்டுப் போனானாம்.

பாலத்தில் போகும்போதே ஜிபிஎஸ் டப்பாவைப் பிய்த்து, அடியில் போய்க்கொண்டிருந்த ஒரு போட்டுக்குள் வீசிவிட்டான். போட்காரர் பசியாவரத்து ஆள். நடு ஏரியில் வலை எடுக்கும்போது, சிவப்பாகக் கண் சிமிட்டுகிற டப்பா ஒன்று காலடியில் கிடப்பதைப் பார்த்து, வெடிகுண்டு என்று பயந்து தண்ணீரில் எறிந்துவிட்டார். டப்பாவின் உயிர் அங்கே போனது. கடைசியாக அது இருந்த இடத்தில்தான் அந்தப் பச்சைப் புள்ளி.

எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் போலீஸ் விசாரித்தது. ஆந்திராப் பக்கம் போனதா, மெட்ராஸ் பக்கம் போனதா, ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஒரு நாள் மனசு கேட்காமல், "அங்க வண்டி இல்லக்கா, வெறும் டப்பாதான் முழுகிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் பாப்பா. வேற எங்க கீதுனும் தெரியலியே. இது ஒண்ணுதான அட்ரஸு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணிக்குள்ள குளுருமில்ல?" என்றாள்.

அப்புறம் அதுவே எங்களுக்கு மத்தியானப் பேச்சாகிவிட்டது. டாஷ்போர்டில் இறால் குஞ்சு புகுந்திருக்கும் என்பாள். டிரைவர் சீட்டில் ஒரு பெரிய நண்டு உட்கார்ந்திருக்கும், ஓட்டிக்கொண்டு போகட்டும், லைசென்ஸ் கேட்கத் தண்ணீருக்குள் யார் இருக்கிறார்கள் என்பாள். தண்ணீர் வற்றுகிற காலத்தில் கூரை மட்டும் வெளியே தெரியும், பூநாரை வந்து ஒற்றைக் காலில் நிற்கும், அப்போதும் அந்தப் பாழாய்ப்போன அலாரம் கத்துமா என்று கேட்பாள். மத்தியான வெயிலில் பஜாரே கண் சொக்கிக் கிடக்கும். எதிரே கல்லறைக்குள் ஆடுகள் அசை போடும். அவள் பேசப் பேச எனக்கே அந்த வண்டி தண்ணீருக்கடியில் மெதுவாக நகர்வது போலத் தோன்றும்.

ஒருநாள் எலும்புக்கூடுகளைக் காட்டி, "இவுங்க கோட்டை கட்னாங்க, பள்ளம் வெட்னாங்க, பீரங்கி வெச்சாங்க. இம்மாம் பூட்டு போட்டும் இன்னா மிஞ்சிச்சு சொல்லு. நம்ம வண்டி போனதுக்கு அழுவணுமா?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வண்டி போன பிறகு மறுபடி கூடையைத் தலையில் ஏற்றியிருந்தாள், கழுத்தைத் திருப்பவே முடியவில்லை.

ஒரே வழி இன்சூரன்ஸ். அந்தப் பணம் வந்தால் கடனை அடைத்துவிட்டுப் பழைய வண்டி ஒன்றாவது எடுக்கலாம். கம்பெனி இரண்டு விஷயம் கேட்டது. வண்டியோடு கொடுத்த சாவி இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். திருடு போன நேரத்தில் சாவி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் அது அஜாக்கிரதை, ஒரு பைசா கிடையாது.

குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. மூத்த பஞ்சாயத்தார் முடிவாகச் சொல்லிவிட்டார். "சாவிய வண்டியில உடணும்னு இந்த ஊர்ல கட்டுப்பாடே கெடையாது. புரிஞ்சுதா? அவுங்கவுங்க சாவி அவுங்கவுங்க இடுப்புல. எப்பவும் அப்பிடித்தான். எவன் வந்து கேட்டாலும் இதான் பதிலு." பொய்யாக இருக்கக் கூடாதே என்று அன்றிலிருந்தே எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னார். வண்டியோடு போன சாவிக்குப் பதிலாகப் பொன்னேரியில் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்காக ஊரே தன் வழக்கத்தை இல்லையென்று சொல்ல முன்வந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அக்கா மட்டும், "சரி, தண்ணி ஏறினா?" என்று கேட்டாள்.

"ஏறும்போது பாத்துக்கலாம். நீ வாய மூடிக்கினு இரு" என்றார் அவர்.

வாய்க்கு ஒத்திகை என் கடையில். நான்தான் இன்சூரன்ஸ்காரர். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, "சாவி எங்கம்மா இருந்துச்சு?" என்பேன்.

"வூட்லதான் சார் இருந்துச்சு."

"சபாஷ்."

"வண்டியிலயும் ஒண்ணு இருந்துச்சு."

"அக்கா!"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். "வூட்லதான் சார்" என்று நிறுத்துவாள். உதட்டை இறுக்கிக்கொள்வாள். முகம் சிவக்கும், மூச்சு முட்டும், கடைசியில் கொட்டிவிடுவாள். "ஆனா பட்டன் எங்க கீதுனு ஊருக்கே தெரியும் சார்." எனக்குச் சிரிப்பு வரும், மறுபடி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவேன்.

விசாரிக்க வந்தவர் நல்ல மனிதர். ஐம்பதை ஒட்டிய வயது. யாரிடமும் குரலை உயர்த்தாமல், ‘அம்மா’, ‘ஐயா’ என்று பேசினார். வாடைக் காற்று அடிக்கிற காலம். தன் வெள்ளைக் காரை நேரே மணல் திட்டில் இறக்கி நிறுத்தினார். கீச் கீச் என்று பூட்டினார். முதலில் அந்த டப்பாவை எறிந்த போட்காரரைப் பார்க்க வேண்டும் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பசியாவரத்துக்குப் போட்டில் ஏறிவிட்டார். திட்டில் காரை விடாதீர்கள் என்று பஞ்சாயத்துப் பெரியவர் வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவருமே என்று விழுங்கிக்கொண்டார். காகிதங்களோடு அக்காவுக்குத் துணையாகப் போயிருந்த நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலை மறைந்ததும் காற்று திரும்பியது.

தண்ணீர் வருவது பார்க்க அழகாக இருந்தது. பளபளவென்று ஒரு விரிப்பை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு வருவது போல, மணல் நிறம் மாறிக்கொண்டே வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒருத்தி, "ஐயோ, வண்டிங்க!" என்று கத்தினாள்.

திட்டில் காரோடு ஒரு ஐஸ் வண்டியும் நின்றது. ஐஸ் வண்டிக்காரர் கடலில் இருந்தார். சாவி அவர் இடுப்பில். கார்க்காரர் பசியாவரத்தில். சாவி அவர் பையில். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஊர்க்காரர்கள் வண்டிகளுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார்கள்.

அக்காதான் முதலில் தண்ணீரில் இறங்கினாள். "தெய்வமேனு பாத்துக்கினு நிக்காதீங்கடி. அந்தாளு நம்ம ஊருக்கு வந்தவரு, வெளியூர் வண்டி. அத மொதல்ல தூக்கு!"

போட் கரையேற்றுகிற தடிகளையும் கயிற்றையும் கொண்டுவந்தார்கள். கையில் கிடைத்த பலகையெல்லாம் சக்கரத்துக்குக் கீழே போனது. கரையில் இருந்தது பெரும்பாலும் பெண்கள்தான். தொட்டதும் கார் அலறத் தொடங்கியது. திருடன், திருடன் என்று ஊரைக் கூட்டுகிற அலறல். முழங்கால் தண்ணீரில், இரண்டு பக்கமும் விளக்குகள் மினுக்மினுக்கென்று அடிக்க, அந்தக் கார் கத்திக்கொண்டே பெண்களின் தோள்மேல் கரையை நோக்கி வந்தது. "அடச்சீ, உன்னக் காப்பாத்தத்தான தூக்கறோம், எதுக்குடி கத்தற?" என்று ஒருத்தி அதன் பானெட்டில் ஒரு அறை விட்டாள். அக்கா முன்னால் பிடித்திருந்தாள். தேய்ந்த கழுத்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நானும் என் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கை பிடித்தேன்.

காரை மேட்டில் ஏற்றிவிட்டு ஓடுவதற்குள் ஐஸ் வண்டி சீட் வரைக்கும் முங்கிவிட்டது.

விசாரணைக்காரர் திரும்பி வந்தபோது, கார் மேட்டில் நின்று இன்னும் விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நனைந்த பெண்கள், தூரத்தில் தண்ணீரில் ஒரு ஐஸ் வண்டியின் கூரை. அவர் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கையைக் கூப்பினார். பிறகு கடமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கேயே, ஈரப் புடவையோடு நின்ற அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, அன்னைக்கு உங்க வண்டிச் சாவி எங்க இருந்துச்சு?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். பெரியவர் கண்ணாலேயே கெஞ்சினார். ‘வூட்ல’ என்று ஒரு வார்த்தை போதும். ஒரு வண்டி, ஒரு கழுத்து, அவள் மிச்ச வாழ்க்கை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. நான் மனசுக்குள் துஆ ஓதினேன்.

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். ஐஸ் வண்டியின் கூரையைப் பார்த்தாள்.

"வண்டியிலதான் சார். எங்க ஊர்ல எப்பவும் வண்டியிலதான். இன்னிக்குத்தான் இல்ல, இன்னா ஆச்சு பாத்தியா?" என்றாள். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இது கம்பெனி சாவி. இது போன வாரம் பொன்னேரில வெட்னது. அப்பிடியே அச்சா கீதில்ல?"

பெரியவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக்காரர் இரண்டு சாவியையும் புரட்டிப் பார்த்தார். "நீங்க இதச் சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார், அவருக்கே வலிக்கிற குரலில்.

"நீ கேட்டியே சார்" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் திட்டில் நின்ற எல்லா வண்டியிலும் சாவி தொங்கியது. யாரும் பஞ்சாயத்தைக் கூட்டவில்லை, யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனி கையை விரித்துவிட்டது. அந்த மனிதர் தன்னால் ஆன மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தன் கார் எப்படிப் பிழைத்தது என்பதைக்கூடச் சொன்னாராம், அதைக் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லையாம். அதை அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். எனக்கோ அவர்மேல் கோபம் வரவில்லை, அக்காவின் மேல் வந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைக்கு வந்தவளிடம், "உங்க வாய்தான்க்கா உங்களுக்கு எமன்" என்று கத்திவிட்டேன்.

"ஆமா பாப்பா" என்று ஒத்துக்கொண்டாள். "அந்தக் காரத் தூக்கனாங்களே எல்லாரும், அவுங்க நடுவுல ஈரத்தோட நின்னுக்கினு, சாவிய வூட்ல வெச்சுட்டு வந்தேன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள்.  அப்போதும் எனக்குக் கோபம் போகவில்லை.

ஏரிக்குள் நிற்கிற வண்டிக்கு அவள் தவணை கட்டினாள். ஐஸ் வண்டிக்காரர் தன் வண்டியைப் பழுது பார்த்த பிறகு, அவள் கூடை தினமும் அதில் ஏறியது. ஆனாலும் வண்டியிலிருந்து சந்தை வரைக்கும் தலையில்தான். கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பையே திருப்பிப் பார்ப்பாள். மத்தியானம் கடைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. "நம்ம வண்டி எங்க கீது?" "அங்கயேதான்க்கா."

ஒரு நாள் திரையைத் திறந்தேன், புள்ளி இல்லை. டப்பாக்காரர்களுக்குக் கட்டிய வருஷச் சந்தா முடிந்துபோயிருந்தது. நீலமாக ஏரி மட்டும் இருந்தது. மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். அவள் வருகிற நேரம். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்வதில் எனக்குக் கஷ்டம் இருந்ததில்லை. ஆனால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பித் திரையைப் பார்த்தபோது, அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"வண்டியக் காணோம்க்கா" என்றேன்.

அக்கா அந்த வெறும் நீலத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே காற்று மாறியிருந்தது. பஜார் வரைக்கும் உப்பு வாசம் வந்தது. நான் அவள் அழுவாள் என்று காத்திருந்தேன்.

"தண்ணி ஏறியிருக்கும் பாப்பா" என்றாள். "சாவி உள்ளதான கீது. யாராவது எடுத்து மேட்டுல உட்டிருப்பாங்க."

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.